லாரலும் ஹார்டியும் காத்திருந்த நேரம்

தெருவில் தடித்த ஒருவரும் மெலிந்த ஒருவரும் சேர்ந்து நடந்துபோனால், "லாரல் ஹார்டி மாதிரி போகிறார்கள் பார்" என்று சொல்லும் வழக்கம் என் தந்தையின் தலைமுறையில் இருந்தது. அந்த இருவரின் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்திராதவர்களும் அதைச் சொன்னார்கள். பெரிய உடல் ஒன்றும் சிறிய உடல் ஒன்றும் அருகருகே நின்றாலே சிரிப்பு வந்துவிடும், அவர்கள் செய்ததும் அவ்வளவுதான் என்ற எண்ணம் அந்தப் பேச்சுக்கு அடியில் இருக்கிறது. அமெரிக்க நகைச்சுவைப் படங்களில் இணையாக நடித்த மெலிந்த ஸ்டான் லாரல், தடித்த ஆலிவர் ஹார்டி ஆகியோரின் படங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவருகிற எனக்கு, அந்த எண்ணம் அவர்களுக்கு இழைக்கப்படும் பெரிய அநீதியாகத் தோன்றுகிறது.

உடல் வேறுபாடு மட்டும் போதாது என்பதற்கு ஹார்டியின் வாழ்க்கையே சான்று. 1916-ஆம் ஆண்டில், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில் இயங்கிய விம் என்னும் படநிறுவனம், ஹார்டியையும் பில்லி ரூஜ் என்ற சிறிய உருவமுள்ள நடிகரையும் இணைத்து 'பிளம்ப் அண்ட் ரன்ட்' என்ற வரிசையில் குறும்படங்களை எடுத்தது. தடியனும் குள்ளனும் என்பதே அந்தத் தலைப்பின் பொருள். இன்று அவற்றைத் திரைப்பட வரலாற்று ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் நினைவுகூர்வதில்லை. டென்மார்க்கில் 1921 முதல் லாவ் லாரிட்சென் இயக்கிய படங்களில் கார்ல் ஷென்ஸ்ட்ரோமும் ஹரால்ட் மேட்சனும் நெட்டையும் குட்டையுமாக நடித்து ஐரோப்பாவெங்கும் புகழ்பெற்றிருந்தார்கள். 1927-ல் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் இருந்த ஹால் ரோச் படப்பிடிப்பு நிலையம் லாரலையும் ஹார்டியையும் நிரந்தர இணையாக்கியபோது, இத்தகைய இணை பார்வையாளர்களுக்குப் பழகிப்போன ஒன்றாகவே இருந்தது.

அவர்கள் புதிதாகக் கொண்டுவந்தது வேகக் குறைவு. இதை நான் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. தொடக்கத்தில் அவர்களுடைய படங்களை இரவு நேரங்களில், வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு, கணினியில் தனியாகப் பார்ப்பேன். அப்போது ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருவர் விழுவார், விழுந்தபின் காட்சி அடுத்ததற்கு நகராது. ஹார்டி சேற்றிலோ நீர்த்தொட்டியிலோ உட்கார்ந்தபடி, நேரே படக்கருவியை, அதாவது நம்மை, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். லாரல் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் நிற்பார். இவ்வளவு நேரத்தை ஏன் வீணாக்குகிறார்கள் என்று அன்று நினைத்தேன். பிறகு ஒருநாள், ஒரு சிறு ஊரின் திரைப்படச் சங்கம் நூலகத்து மாடியில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படத்தை ஏறத்தாழ நூறு பேருடன் தரையில் அமர்ந்து பார்த்தேன். அன்று அந்த வெற்றிடங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. ஹார்டி நம்மைப் பார்த்த நேரம் முழுவதும் அந்தக் கூடம் சிரித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு தணியத் தொடங்கிய நொடியில் அடுத்த பேச்சு வந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு கண்டத்தில் படத்தை வெட்டி ஒட்டிய ஒருவர், எங்கள் மூச்சை அளந்து வைத்ததுபோல அது இருந்தது.

உண்மையிலேயே அளந்துதான் வைத்திருந்தார்கள். ரோச் நிலையத்துப் படங்கள் வெளியீட்டுக்கு முன் சாதாரணக் கொட்டகைகளில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று லாரலும் மற்றவர்களும் கவனித்து, அதற்கேற்பப் படத்தைத் திரும்பத் தொகுத்தார்கள். பேசும் படம் வந்தபின் இது இன்னும் இன்றியமையாததாயிற்று, ஏனென்றால் பார்வையாளர்களின் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிவிடும். ஆகவே இப்படங்கள் கூட்டத்தோடு பார்ப்பதற்காகவே நெய்யப்பட்டவை. பார்வையாளருக்கான இடம் படத்துக்குள்ளேயே விடப்பட்டிருக்கிறது. தனியாகப் பார்க்கிறவர் இன்னொருவருக்காகப் போடப்பட்ட நாற்காலியைக் காண்கிறார். இவர்களுடைய படங்களைப் பார்க்க விரும்பும் நண்பர்களிடம் நான் எப்போதும் வைக்கும் வேண்டுகோள் இதுதான்: குறைந்தது நான்கு பேராவது சேர்ந்து பாருங்கள், அதில் ஒருவர் குழந்தையாக இருக்கட்டும்.

அக்காலத்து அடிதடி நகைச்சுவை, ஸ்லாப்ஸ்டிக் என்று சொல்லப்படுவது, ஓட்டத்தை நம்பியிருந்தது. ஒருவர் அடிப்பார், மற்றவர் ஓடுவார், பத்துப் பேர் துரத்துவார்கள், எல்லோரும் ஆற்றில் விழுவார்கள். ரோச் நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்த லியோ மெக்கேரி இந்த ஓட்டத்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களில் முக்கியமானவர். லாரலும் ஹார்டியும் அந்த எண்ணத்துக்குக் கிடைத்த மிகச் சரியான நடிகர்கள். 1929-ல் வந்த 'பிக் பிஸினஸ்' என்ற பேசாப்படத்தை நான் அவர்களுடைய உச்சம் என்று கருதுகிறேன். வெயில் காயும் கலிபோர்னியாவில் கிறிஸ்துமஸ் மரங்களை ஒரு காரில் ஏற்றி வீடு வீடாக விற்கப் புறப்படுகிறார்கள். வழுக்கைத் தலையும் பெரிய மீசையும் கொண்ட நடிகர் ஜேம்ஸ் ஃபின்லேசன் வீட்டுக்காரராக வரும் வீட்டின் கதவைத் தட்டுகிறார்கள். அவர் வேண்டாம் என்று கதவைச் சாத்தும்போது மரத்தின் கிளை கதவிடுக்கில் மாட்டிக்கொள்கிறது. அதை விடுவிக்க மறுபடியும் மணியடிக்க வேண்டியிருக்கிறது, மறுபடியும் கதவு சாத்தப்படுகிறது, மறுபடியும் மாட்டிக்கொள்கிறது. இறுதியில் ஃபின்லேசன் தோட்டக் கத்தரியைக் கொண்டுவந்து மரத்தை நறுக்கிப்போடுகிறார்.

இதற்குப் பிறகு நடப்பது ஒரு முழு வீடும் ஒரு முழுக் காரும் அழிவது. அவர்கள் கதவைச் சிதைத்தால் இவர் காரின் முன்விளக்கைப் பிடுங்குகிறார். அவர்கள் சன்னல்களை உடைத்தால் இவர் காரைத் துண்டு துண்டாகக் கழற்றுகிறார். இதை எழுத்தில் படிக்கும்போது வன்முறையாகத் தோன்றலாம். திரையில் அது ஒரு சடங்கைப்போல நடக்கிறது. ஒருவர் மற்றவரின் பொருளை உடைக்கும்போது அந்த மற்றவர் தடுப்பதே இல்லை. கைகளைத் தொங்கவிட்டு நின்று, முழுவதும் உடைத்து முடிக்கும்வரை பார்க்கிறார். பிறகு சற்று யோசிக்கிறார். பிறகுதான் தன் முறையைத் தொடங்குகிறார். பழிவாங்கும் வெறியில் இருக்கும் மனிதர்கள் ஒருவர் முறையை மற்றவர் மதிக்கிறார்கள். தெருவில் கூடிய அயலார் யாரும் குறுக்கிடுவதில்லை. காரில் வந்த காவலர் குறிப்பேட்டை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார். வீட்டுக்குள்ளிருந்து லாரல் பூச்சாடிகளை வெளியே வீச, ஹார்டி மண்வெட்டியால் அவற்றை ஒன்றொன்றாக அடித்து நொறுக்கும் காட்சியில், அவர் கால்களை ஊன்றி நிற்கும் நேர்த்தியைக் கவனியுங்கள். எல்லாம் முடிந்து காவலர் விசாரிக்கும்போது மூவரும் அழுகிறார்கள். லாரல் சமாதானமாக ஃபின்லேசனுக்கு ஒரு சுருட்டைத் தருகிறார், அதுவும் வெடிக்கிறது. இருபது நிமிடத்துக்கும் குறைவான படம் இது. பிற்காலத்தில் பெரிய இயக்குநராகிய ஜார்ஜ் ஸ்டீவன்ஸ்தான் இதன் ஒளிப்பதிவாளர்.

காத்திருக்கத் தெரிந்த இந்த இரண்டு நடிகர்களும் வெவ்வேறு வழிகளில் அதைக் கற்றவர்கள். லாரல் 1890-ல் இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில், நாடகக் கொட்டகை நடத்திய ஒருவரின் மகனாக, ஆர்தர் ஸ்டான்லி ஜெஃபர்சன் என்ற பெயரில் பிறந்தார். பதினாறு வயதில் கிளாஸ்கோ நகரத்து மேடையில் ஏறினார். ஃப்ரெட் கார்னோவின் நகைச்சுவை நாடகக் குழுவில் சார்லி சாப்ளினுக்கு மாற்று நடிகராக இருந்து, 1910-ல் அவருடன் ஒரே கப்பலில் அமெரிக்கா சென்றார். நகைச்சுவைக்குள் சிறிது துயரத்தைச் சேர்க்கவேண்டும் என்று கார்னோ தன் நடிகர்களுக்குச் சொல்லித்தந்ததை லாரல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒருவரை அடித்துவிட்டு அதற்காக வருந்தும் முகம், அந்தப் பள்ளியிலிருந்து வந்தது.

ஹார்டிக்கு இத்தகைய மேடைப் பயிற்சி இல்லை. அவர் 1892-ல் ஜார்ஜியா மாநிலத்தின் ஹார்லெம் ஊரில் பிறந்தார். பிறந்த ஆண்டிலேயே தந்தை இறந்துவிட, தாய் விடுதிகள் நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். மில்லெட்ஜ்வில் நகரத்து விடுதியின் முன்கூடத்தில் உட்கார்ந்து, வந்துபோகிறவர்களின் நடையையும் பேச்சையும் பார்த்துக்கொண்டிருப்பது அந்தச் சிறுவனின் பொழுதுபோக்கு. பெரிய மனிதராகத் தோன்ற விரும்பிய சிறிய மனிதர்கள் அங்கே நிறைய வந்திருக்கவேண்டும். டையின் நுனியைச் சிறுவிரல் நீட்டிச் சுழற்றும் அந்த நாணமும், கையெழுத்துப் போடுமுன் பேனாவைக் காற்றில் வட்டமிடும் அந்தப் பெருமிதமும், தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு "இவர் என் நண்பர் திரு. லாரல்" என்று முறைப்படி சொல்லும் அந்தப் பண்பும், யாரோ உண்மையான மனிதர்களிடமிருந்து எடுக்கப்பட்டவை என்று பார்த்தவுடன் தெரிகிறது. 1910-ல் அந்த ஊரில் திரையரங்கு திறந்தபோது அதில் படம் ஓட்டும் வேலையில் சேர்ந்தவர், திரையில் காண்பவர்களைவிடத் தன்னால் நன்றாக நடிக்கமுடியும் என்று நம்பி, 1913-ல் ஜாக்சன்வில் சென்றார்.

இருவரும் இணைந்ததில் தற்செயலுக்கும் பங்குண்டு. 1926-ல் லாரல் நடிப்பை விட்டுவிட்டு ரோச் நிலையத்தில் எழுத்தாளராகவும் இயக்குநராகவும் இருக்கவே விரும்பினார். அப்போது வீட்டில் ஆட்டுத்தொடை சமைத்துக்கொண்டிருந்த ஹார்டியின் கை கொதிக்கும் கொழுப்பில் வெந்துபோனது. 'கெட் எம் யங்' என்ற படத்தில் அவருடைய வேடத்தை லாரல் ஏற்கவேண்டியதாயிற்று. அப்படித்தான் அவர் படக்கருவிக்கு முன்னால் திரும்பி வந்தார். அதன்பின் படங்களின் கதை, வேடிக்கை, தொகுப்பு எல்லாவற்றிலும் லாரலின் கை இருந்தது. மாலையில் ஹார்டி கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விடுவார், லாரல் தொகுப்பறையில் இருப்பார். இதைச் சுட்டி, லாரலே கலைஞர், ஹார்டி அவர் சொன்னதைச் செய்தவர் என்று சிலர் எழுதுவதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. தொகுப்பறையில் லாரல் நீட்டிவைத்த ஒவ்வொரு இடைவெளியும் பெரும்பாலும் ஹார்டியின் முகத்தின் மீதுதான் நீட்டப்பட்டது. அத்தனை நேரம் ஒரு பார்வையைத் தாங்கிநிற்கும் முகம் வேறு யாரிடமும் இல்லை. சினமும் களைப்பும் "உங்களுக்கே தெரியுமே" என்ற முறையீடும் ஒன்றன்பின் ஒன்றாக, வேறு எந்த உறுப்பும் அசையாமல், அந்த முகத்தில் வந்துபோகின்றன. அதை எழுதிக்கொடுக்க முடியாது.

1932-ல் வெளிவந்த 'தி மியூசிக் பாக்ஸ்' அவர்களுடைய படங்களில் அதிகம் அறியப்பட்டது. நகைச்சுவைக் குறும்படத்துக்கென ஆஸ்கர் விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்ற படம் இது. இயக்கியவர் ஜேம்ஸ் பாரட். கையிலிருந்த 3 டாலர் 80 சென்ட்டை முதலாகப் போட்டு, சரக்கு ஏற்றிச்செல்லும் தொழில் தொடங்கிய இருவர், ஒரு பியானோவை மலைமேல் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸின் சில்வர் லேக் பகுதியில் வென்டோம் தெருவில் இருக்கும் 133 படிகள் கொண்ட நீண்ட படிக்கட்டில் இதைப் படமாக்கினார்கள். அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. படத்தில் பியானோ ஏறுகிறது, வழுக்கி இறங்குகிறது, திரும்ப ஏறுகிறது. குழந்தை வண்டியோடு வரும் தாதி, காவலர், மரியாதை எதிர்பார்க்கும் பேராசிரியர் என்று ஒவ்வொருவராகக் குறுக்கே வருகிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் பியானோ ஒவ்வொரு இடிக்கும் தன் தந்திகளால் முனகுவது, மூன்றாவது ஆள் ஒருவர் வலியால் முனகுவதுபோலக் கேட்கிறது. ஒலியை இவ்வளவு சிக்கனமாகவும் பொருளோடும் கையாண்ட தொடக்ககாலப் பேசும் படங்கள் மிகச் சில.

மிகுந்த பாடுபட்டு உச்சிக்கு வந்தபின், அங்கு எதிர்ப்படும் தபால்காரர், இந்த வீட்டுக்கு வண்டி வரும் சாலை சுற்றிக்கொண்டு வருகிறதே, இதை ஏன் படிவழியே தூக்கினீர்கள் என்று கேட்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு பியானோவைத் திரும்பவும் படிவழியே கீழே இறக்கி, குதிரைவண்டியில் ஏற்றி, சாலைவழியாக மேலே கொண்டுவருகிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கைச் சொல்கிறது. மடன் என்பதற்கு உரையில் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று விளக்கம் உண்டு. பிறர் சொல்லித்தந்ததை ஏற்று, ஏற்றதை விடாமல் பற்றிக்கொள்வது. சரியான வழி சாலைதான் என்று அறிந்தபின் சரியான வழியிலேயே செல்லவேண்டும் என்று இறங்கிப்போகும் இந்த இருவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உரை நினைவுக்கு வருகிறது. அந்த நான்கில் எள்ளல் இவர்களுடைய படங்களில் மிகவும் குறைவு. ஹார்டியின் பருமனைக் கேலி செய்வதைக்கூட அவர்கள் பெரிதும் நம்பியிருக்கவில்லை. யாரோ ஒருவர் கீழானவர் என்று காட்டிப் பெறும் சிரிப்பை நம்பிய படங்கள் அதே காலத்தில் ஏராளமாக வந்தன; அவற்றில் பலவற்றை இன்று பார்க்கக் கூசுகிறது. இவை கூசவைப்பதில்லை.

1940-ல் இருவரும் ரோச் நிலையத்தை விட்டு விலகினார்கள். அங்கே இருந்த காலத்தில் இருவருடைய ஒப்பந்தங்களும் வெவ்வேறு காலங்களில் முடியும்படி வைக்கப்பட்டிருந்தன; அதனால் அவர்கள் ஒன்றாக நின்று பேரம் பேச முடியவில்லை. ஆனால் விலகியபின் நேர்ந்தது இன்னும் மோசம். 1941 முதல் 1945 வரை ட்வென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு ஆறு படங்களிலும் எம்ஜிஎம் நிறுவனத்துக்கு இரண்டு படங்களிலும் நடித்தார்கள். அங்கே கதையிலும் தொகுப்பிலும் லாரலுக்குக் குரல் இருக்கவில்லை. அந்தப் படங்களில் அதே இருவர் இருக்கிறார்கள், அதே தொப்பிகள் இருக்கின்றன, விழவும் செய்கிறார்கள். விழுந்தவுடன் காட்சி மாறிவிடுகிறது. அவற்றைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனமில்லை.

அவர்களுடைய கடைசி நல்ல காலம் மேடையில் அமைந்தது. 1947, 1952, 1953-54 ஆண்டுகளில் பிரிட்டனின் நாடக அரங்குகளில் சுற்றுப்பயணம் செய்தார்கள். 1953 செப்டம்பரில் அவர்கள் வந்த கப்பல் அயர்லாந்தின் கோவ் துறைமுகத்தை அடைந்தபோது, கரையில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். திடீரென்று அவ்வூர்ப் பேராலயத்தின் மணிகள் அவர்களுடைய படங்களின் தொடக்கத்தில் வரும் குயில் மெட்டை இசைத்தன. உலகம் தங்களை மறந்துவிட்டது என்று நினைத்திருந்த இரண்டு முதியவர்கள் அந்த மணியோசையைக் கேட்டு அழுதார்கள். மறு ஆண்டு மே மாதம் பிளிமத் நகரில் ஹார்டிக்கு உடல்நலம் கெட்டு, பயணம் பாதியில் நின்றது.

1956-ல் ஹார்டியைப் பக்கவாதம் தாக்கியது, பேச்சுப் போயிற்று. 1957 ஆகஸ்ட் 7 அன்று அவர் காலமானார். உடல்நலம் குன்றியிருந்த லாரலை மருத்துவர்கள் இறுதிச் சடங்குக்குப் போகவேண்டாம் என்று தடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு லாரல் நடிக்கவில்லை. வந்த அழைப்புகளையெல்லாம் மறுத்தார். ஆனால் இருவருக்குமான வேடிக்கைக் காட்சிகளைத் தொடர்ந்து எழுதிவந்தார் என்பது அவரை அறிந்தவர்கள் சொன்ன செய்தி. சாண்டா மோனிகாவில் கடலோரத்துச் சிறு குடியிருப்பில் வாழ்ந்த அவருடைய எண் தொலைபேசிக் கையேட்டில் இருந்தது. யார் அழைத்தாலும் அவரே பேசினார், வந்த கடிதங்களுக்கு அவரே பதில் எழுதினார். 1961-ல் வழங்கப்பட்ட சிறப்பு ஆஸ்கர் விருதை அவர் சார்பில் நடிகர் டானி கே பெற்றுக்கொண்டார். 1965 பிப்ரவரி 23 அன்று லாரலும் மறைந்தார்.

எனக்குத் தீராத ஓர் ஆவல் உண்டு. பியானோ ஏறிய அதே படிக்கட்டில் அவர்கள் அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஏறியிருக்கிறார்கள். 1927-ல் எடுத்த 'ஹேட்ஸ் ஆஃப்' என்ற பேசாப்படத்தில் அவர்கள் சலவை இயந்திரம் விற்பவர்கள். அந்த இயந்திரத்தை அதே படிகளில் தூக்கிச்செல்கிறார்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. சில நிழற்படங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்றில் இருவரும் இயந்திரத்தின் இருபுறமும் நிற்கிறார்கள். இணையாகி ஓராண்டுகூட ஆகாத அந்த நேரத்தில், இயந்திரம் கீழே உருண்டபின் அவர்கள் எவ்வளவு நேரம் நின்று பார்த்தார்கள், ஹார்டி நம் பக்கம் திரும்பினாரா, அந்த அமைதியை அவர்கள் அதற்குள் கண்டுபிடித்துவிட்டார்களா என்பதை நிழற்படத்தைக் கொண்டு அறிய முடியாது. அதே ஆண்டில் எடுக்கப்பட்ட 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' படத்தின் இரண்டாம் சுருளும் பல பத்தாண்டுகளாக முழுமையாகக் கிடைக்காமல் இருந்தது. அதன் பிரதி தன்னிடம் இருப்பதை 2015-ல் ஒரு சேகரிப்பாளர் கண்டுபிடித்தார். எங்கோ ஒரு பரணில், தவறான பெயர் எழுதிய தகரப்பெட்டிக்குள், அந்தச் சலவை இயந்திரமும் இருக்கக்கூடும்.